நான் நிறுத்திய சிவப்புக் கார்

போன வருஷம் ஆடி மாசம். ஒரகடத்தில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கார் ஷெட்டில் நடந்தது இது. அங்கே கூட்டிப் பெருக்கித் துடைப்பது என் வேலை. பென்னலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன்.

அந்த ஷெட்டில் கார் செய்வதில்லை. ஏற்கெனவே வேகமாக ஓடும் காரை இன்னும் வேகமாக ஓட வைப்பார்கள். இஞ்சினுக்குக் காற்று போகிற குழாயைப் பெரிதாகச் செய்து மாட்டுவார்கள். டர்போ என்று ஒன்று உண்டு. உள்ளங்கை அகலச் சக்கரம். காற்றை இழுத்து இஞ்சினுக்குள் திணிக்கும். அது சுற்றுகிற வேகத்தில் ஏதாவது உள்ளே போனால் சக்கரமும் போச்சு, இஞ்சினும் போச்சு. இதெல்லாம் அங்கே வேலை செய்யும் இஞ்சினியர் பெண் சொன்னது. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். என்னை ஆச்சி என்பாள்.

சேர்ந்த அன்றே ஓனர் சொல்லிவிட்டார், தரை மட்டும்தான் என் பொறுப்பு, மேஜைமேல் இருப்பது எதையும் தொடக் கூடாது என்று.

ஒரு நாள் சாயங்காலம் மேஜைமேல் புதுக் குழாய் கிடந்தது. இரண்டு வாயும் திறந்திருந்தன. ஒரு குளவி மண்ணை வைத்துக்கொண்டு அதையே சுற்றிச் சுற்றி வந்தது. குளவி லேசில் விடாது, சாவித் துவாரத்தில்கூடக் கூடு கட்டிவிடும். துடைப்பதற்காக என் பழைய பச்சைப் புடவையைக் கிழித்து வைத்திருந்தேன். இரண்டு துண்டை எடுத்து இரண்டு வாயிலும் அடைத்தேன். சின்ன வாயில் துணி நிற்கவில்லை. விரலால் நன்றாக உள்ளே தள்ளிவிட்டேன். யாரிடமும் சொல்லாமல், நல்ல காரியம் செய்தோம் என்று பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் நான் போவதற்குள் குழாயைச் சிவப்புக் காரில் மாட்டிவிட்டார்கள். காரின் சொந்தக்காரர் சென்னையிலிருந்து வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தரையில் பதித்த உருளைகள்மேல் காரை ஏற்றி ஓட்டுவார்கள். சக்கரம் சுற்றும், கார் நகராது. எவ்வளவு இழுக்கிறது என்று கம்ப்யூட்டரில் தெரியும். பழைய குழாயோடு முதல் நாளே ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. இனி புதுசு. எதிரே ஆள் உயர விசிறி ஓட, அந்தப் பெண் காருக்குள் உட்கார்ந்து இஞ்சினைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள்.

நான் அழுக்குத் துணி வாளியை எடுத்தேன். குழாயிலிருந்து எடுத்துப் போட்ட பச்சைத் துண்டு ஒன்றுதான் இருந்தது. வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன், மேஜைக்கு அடியில் பார்த்தேன். ஒன்றுதான். இன்னொன்று குழாய்க்குள்ளேயே இருக்குமோ?

யாராவது கை துடைத்து எங்காவது போட்டிருக்கலாம். நிறுத்தச் சொல்லி உள்ளே ஒன்றும் இல்லையென்றால் என் வேலை போச்சு. இருந்தாலும் போச்சு, மேஜைமேல் கை வைத்தவள் நான்தானே. யோசிப்பதற்குள் கார் உறுமத் தொடங்கியது. கத்தினேன். எல்லோர் காதிலும் அடைப்பான். அந்த ஷெட்டில் எனக்குத் தெரிந்தது விசிறியின் சுவிட்ச் மட்டும்தான். தினமும் அதை நிறுத்திவிட்டுத்தான் அங்கே பெருக்குவேன். அது ஓடாமல் காரை ஓட்ட மாட்டார்கள், இஞ்சின் கொதித்துவிடும். போய் நிறுத்தினேன்.

விசிறி நின்றதைப் பார்த்து அந்தப் பெண் காரை அணைத்தாள்.

"இன்னா ஆயா, கரண்ட் பில்லு நீ கட்றியா?" என்று கார்க்காரர் சிரித்தார்.

நான் ஓனரைப் பார்த்துச் சொன்னேன். "அந்தக் கொழாய்ல என் துணி கீதுபா. நான்தான் வச்சேன்."

"மேஜ மேல கை வைக்காதன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன. வச்சிட்டேன். மொதல்ல கயட்டிப் பாரு, அப்பறமா திட்டு."

அந்தப் பெண் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தாள். உடனே ஸ்பேனரை எடுத்தாள். குழாயைக் கழற்றினாள்.

உள்ளே, டர்போவின் வாய்க்கு நாலு விரல் முன்னால் பச்சைத் துணி சுருண்டு கிடந்தது. கார்க்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"தப்பு எம்மேலயும் இருக்கு ஆச்சி. மாட்டுததுக்கு முன்னால உள்ள பாக்காம விட்டுட்டேன்" என்றாள் அவள்.

குழாயைத் துடைத்து மாட்டி மறுபடி ஓட்டினார்கள். முடிந்ததும் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். இரண்டு கோடு. புதுக் குழாயின் கோடு பழையதற்கு மேலேயே போயிருந்தது. அதைப் படிக்க எழுத்துத் தேவைப்படவில்லை.

ஓனர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் ஒரு அட்டையில் தாளைச் செருகி வைத்தார். கார் உருளைமேல் ஏறுமுன் குழாயைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒன்று அந்தப் பெண், இன்னொன்று நான்.

"நானா?" என்று கேட்டேன்.

"வேற யாரு? தப்பு பண்ணா சொல்ற ஆளு நீதான."

எனக்கு என் பெயரை மட்டும்தான் எழுத வரும். இந்தக் கதையைக்கூட நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண்தான் எழுதினாள். இத்தனை வருஷம் ரேஷன் கடையிலும் பேங்கிலும், எதையாவது வாங்கிக்கொண்டேன் என்பதற்குத்தான் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தாளில் போட்டால், நான் பார்த்துவிட்டேன், இனி ஓட்டலாம் என்று அர்த்தம்; அதனால் அவர்கள் அவசரப்படுத்தினாலும் ஒவ்வோர் எழுத்தாக, பெரிதாகவே எழுதுகிறேன்.