தண்ணி டேங்கர் சேகரும் அர்ஃபஜ் செடிகளும்

சேகர் இறந்துவிட்டான். இன்று காலை, ஃபஹாஹீல் ரூமில், டியூட்டிக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது... ஹார்ட் அட்டாக்.

நாற்பத்தொரு வயது. விராலிமலைப் பக்கம். குவைத்தில் எங்கள் சைட்டில் மூன்று வருடம் தண்ணி டேங்கர் ஓட்டியவன். நான் அங்கே ஃபோர்மேன்.

பாலைவனத்தில் வேலி போட்டு, அழிந்துபோன அர்ஃபஜ் செடிகளைத் திரும்ப நட்டு வளர்ப்பதுதான் எங்கள் வேலை. முழங்கால் உயரப் புதர், அவ்வளவுதான்.

நான் சேர்ந்தது ஜூலையில். பழைய புதர்கள் எல்லாம் இலையில்லாமல் சாம்பல் நிறத்தில் நின்றன. செத்ததைப் பிடுங்கிப் போடுங்கள் என்று லேபர்களிடம் சொல்லிவிட்டேன்.

சேகர் டேங்கரை நிறுத்தி இறங்கி வந்தான். ஒரு குச்சியை நகத்தால் சுரண்டிக் காட்டினான். உள்ளே பச்சை.

"சாகலண்ணே. வெயிலுக்கு இலைய உதுத்துட்டு நிக்கிது. மழை வந்தா பாருங்க."

எல்லார் முன்னாலும் சொன்னதில் எனக்குக் கோபம். ஆனாலும் பிடுங்குவதை நிறுத்தச் சொன்னேன்.

பிறகு காலை சேஃப்டி மீட்டிங்கில் கடைசி ஐந்து நிமிடம் அவனுக்கு என்று ஆனது. தெரிந்த ஹிந்தியில் பேசுவான். புதருக்குப் பின்னால் மணல் ஒதுங்கி நிற்பதை, அந்த மணலில் புல் முளைப்பதை, அடியில் பல்லி வளை இருப்பதை... நேபாளிகளும் பெங்காலிகளும் குந்தி உட்கார்ந்து பார்ப்பார்கள்.

எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். "தண்ணி ஊத்துறப்ப வேற என்னண்ணே வேலை? பாத்துக்கிட்டேதான இருக்கேன்" என்றான்.

போன வருடக் குளிர்காலம். வேலிக்கு வெளியே தானாக முளைத்த செடிகள் மேல் ஒரு பெரிய வண்டி வட்டமடித்துக்கொண்டிருந்தது. கேம்ப் போட வந்த உள்ளூர்க்காரர்கள் யாரோ. நாங்கள் இருவரும் டேங்கரில் இருந்தோம். சேகர் இறங்கிப் போய் வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டான்.

"பாபா, காடி மாஃபி. ஹாதா அர்ஃபஜ்." வண்டி வேண்டாம், இது அர்ஃபஜ் என்று அரைகுறை அரபியில். சத்தம் போடவில்லை. கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றான். அவர்கள் திட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

நான் டேங்கரை விட்டு இறங்கவில்லை.

இரண்டு நாளில் கம்ப்ளெயிண்ட் வந்தது, வண்டியை அடித்து உடைத்தான் என்று. ஆபீஸில் என்னைக் கேட்டார்கள். அவன் கைகூட வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். "நான் சரியா கவனிக்கல சார்" என்றேன். என் விசா ரினியூவல் அந்த மாதம்தான்...

அவனை ஃபஹாஹீல் டவுனில் இருந்த கம்பெனி யார்டுக்கு மாற்றினார்கள். பேக்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். "கிழக்கு மூலைக்குத் தண்ணி கொறச்சு விடச் சொல்லுங்கண்ணே, வேர் அழுகிரும்." சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான்.

இந்த ஏப்ரலில் மஞ்சளாகப் பூத்தது. ஃபோட்டோ அனுப்பினேன். உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது. "வேலிக்கு உள்ளயா, வெளியயாண்ணே?"

வெளியே என்றேன். அந்த வண்டி ஓடிய இடம்தான்.

"நம்ம ஆளுங்களக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்கண்ணே."

காட்டினேன். அவன் பெயரைச் சொல்லித்தான் காட்டினேன். அவனிடம் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. நேரில் பார்க்கும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்...

ஊரில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். உடலைத் திருச்சிக்கு அனுப்பப் பேப்பர் வேலை நடக்கிறது. நாளை லீவு சொல்லியிருக்கிறேன், முகம் பார்த்துவிட்டு வர.

போய் வா சேகர்.