அரக்குச் சிவப்பும் கருநீலமும்

பொற்கொடிக்குப் பகல் ஷிப்ட், அவள் கணவன் ரவிக்குமாருக்கு ராத்திரி ஷிப்ட். அவள் மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றினாள். அவன் கணபதி ஏரியாவில் இரும்பு உருக்கும் பவுண்டரியில் உலைக்கு முன்னால் நின்றான். வீட்டுக்கு ஒரே ஸ்கூட்டர். காலையில் அவன் வந்து சாவியைக் கொடுத்தால் அவள் கிளம்புவாள், சாயங்காலம் அவள் வந்து கொடுத்தால் அவன் கிளம்புவான். ஞாயிற்றுக்கிழமை தவிர, வாசலில் சாவி கைமாறும் நேரம்தான் அவர்கள் குடும்பம் நடத்திய நேரம்.

சரவணம்பட்டி தாண்டிக் கட்டிய புது வீட்டில் படுக்கையறைக்கு மட்டும் பெயிண்ட் பாக்கி. பகலில் தூங்குகிறவனுக்கு இருட்டு நிறம் வேண்டுமே. பெயிண்டர் யூனுஸ் ஒரு திங்கட்கிழமை, சன்னலுக்கு எதிர்ச்சுவரில் இரண்டு சதுரம் அடித்துக் காட்டினான். ஒன்று அரக்குச் சிவப்பு, மற்றது கருநீலம்.

"இது சூடுங்க்கா, அது குளுமை. ரெண்டு பேரும் பாத்துச் சொல்லுங்க."

அவன் சுலபமாகச் சொல்லிவிட்டான். ரெண்டு பேரும் எப்போது பார்ப்பது? சாயங்காலம், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பொற்கொடி பார்த்தபோது அரக்கு கருப்பட்டிக் காப்பி மாதிரி இதமாக இருந்தது. "நீலம் வெறும் கறுப்புங்க, அரக்கே அடிக்கலாம்" என்று சாவியைக் கொடுக்கும்போது சொன்னாள்.

ரவிக்குமாரோ தினமும் காலையில் வந்ததும் வராததுமாகத் தொட்டித் தண்ணீரை அள்ளிக் கண்ணில் அடித்துக்கொண்டே, "நீலமே இருக்கட்டும் அம்மணி" என்றான். ஏன் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்டால்தானே!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஏனுங்க, கண்ணை மூடித் தூங்கறவருக்கு எந்தக் கலரா இருந்தா என்னங்க?"

அவன் சிரித்தான். "செரி கண்ணு, ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கலாம்." சாவியை வாங்கிக்கொண்டு போனான்.

சனிக்கிழமை காலை சாவிக்காக வாசலில் நின்றவளுக்கு போன்தான் வந்தது. பவுண்டரி வாசலிலேயே நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்தபின் யூனுஸ் தயங்கித் தயங்கி வந்தான்.

"வெள்ளையே அடிச்சரட்டுங்களாக்கா?"

"நாளைக்கு வாங்க தம்பி."

மறுநாள், சதுரங்கள் அடித்தபின் முதல்முறையாகக் காலை நேரத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். சன்னல் வழியாக வெயில் ஏறியது. அரக்குச் சதுரம் தகதகவென்று பற்றிக்கொண்டது, உலையின் வாயைத் திறந்துவிட்டதைப் போல. பக்கத்தில் கருநீலம், தொட்டித் தண்ணீர் மாதிரி அமைதியாகக் கிடந்தது.

ராத்திரி முழுக்க நெருப்பைப் பார்த்துவிட்டு வந்தவன். அவனைப் பகலிலும் நெருப்புக்கு முன்னாலேயே படுக்கச் சொல்லியிருக்கிறாள். வாய்விட்டு அழுதாள்.

யூனுஸ் வந்ததும், "நீலமே அடிச்சுப்போடுங்க தம்பி, நாலு செவுத்துக்கும்" என்றாள்.

இப்போது சாயங்காலத்தில் அந்த அறை, அவள் சொன்னபடியே, வெறும் கறுப்பு. அதற்குள்தான் படுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் வெயில் வரும்போது சுவருக்கு எதிரே போய் உட்காருகிறாள். நீலம் நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.