குலுங்கவில்லை என்று சொன்னேன்

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யின் மேல் இப்போது வீடுகள் நிற்கின்றன. வீடுகளுக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. பல்லேகலப் பக்கம் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பூமி அதிர்ந்தால் எந்த மண் தாங்கும், எந்த உக்கிய பாறை நொறுங்கும் என்று அங்கே இயந்திரத்தில் வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். நிலத்தைத் துளைத்து, இரும்புக் குழாயில் மண்ணை எடுத்து, இரு முனையையும் மெழுகால் அடைத்துக் கொண்டுவருவது என் பொறுப்பு.

இயந்திரம் ஆட்டும்வரை அந்த மண் ஆடவே கூடாது! வேனுக்குள் குழாயை நிமிர்த்தி, மடியில் அணைத்துக்கொண்டு வரவேண்டும்.

ஆற்றோரக் காணி ஒன்றில் தேயிலைத் தோட்ட லயத்து வரிசை அறைகளில் கிடந்த சனங்களுக்கு வீடு கட்ட இருந்தார்கள். மூன்று நாள் மழையில் துளைத்தோம். அடி மணலில் கிடைத்தது ஒரே ஒரு குழாய். திரும்பும் வழியில் கண் அசந்துவிட்டேன்... விழித்தபோது அது வேனின் தகரத்தில் உருண்டு மோதிக்கொண்டிருந்தது. எவ்வளவு தூரம் அப்படி வந்ததோ! சாரதி கவனிக்கவில்லை. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மெழுகை வெட்டிய பொறியியலாளர் மிஸ், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நிமிர்ந்து பார்த்தார். குழாய்க்குள் மணல் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது.

"அண்ணை, வழியில எங்கையும் குலுங்கினதோ?"

சுற்றி ஏழெட்டுப் பேர். "அண்ணன் மடியில போட்டுத் தாலாட்டிட்டு, அவரும் தூங்கியிருப்பாரு" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். வெறும் பகிடிதான். என் முகம் எரிந்தது.

"இல்லீங்க மிஸ். எடுக்கும்போதே அப்படித்தான் எறங்கியிருந்திச்சு."

"ஓம். நீங்கள் சொன்னால் சரி."

தளர்ந்த மணல் குலுங்கினால் இறுகும். இறுகிய மணல் இயந்திரத்தில் நன்றாகத் தாங்கும். தாங்கியது! காணியின் அடியில் கிடப்பதோ இன்னும் தளர்ந்த மணல்தான். அறிக்கையில் நல்ல நிலம் என்று எழுதினார்கள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போய் இன்னொரு குழாய் எடுத்திருப்போம். அவ்வளவே... ஒரு சிரிப்புக்குப் பயந்தேனே!

வீடுகள் எழும்பி, பால் காய்ச்சிய அன்று எங்களையும் கூப்பிட்டார்கள். ஓர் அம்மா தேநீரை என் கையில் கொடுத்தார். "லயத்துல மழ பேஞ்சா தூக்கமே இல்லீங்க அண்ணே. இனி பயமில்ல. நீங்க பாத்துக் குடுத்த மண்ணு." தலை குனிந்து குடித்தேன்.

பிறகு ஒருநாள் கண்டிப் பக்கம் நிலம் லேசாக அதிர்ந்தது. தட்டுகள் சத்தமிட்ட அளவுதான், நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் அடுத்த பஸ்ஸில் ஏறி அந்தக் காணிக்குப் போனேன். தெருவில் நின்று வீடுகளை எண்ணினேன். எல்லாம் இருந்தன. யாரிடமும் பேசாமல் திரும்பினேன்.

மிஸ் இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறார். இரண்டு முறை போய் நின்றேன். "என்ன அண்ணை?" என்றார். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

இதைப் படிக்கும் நீங்கள் அந்த வீடுகளில் ஒன்றில் இருக்கலாம். காணியின் பெயர் உங்களுக்குத் தெரியவேண்டும், இல்லையா? எழுதினேன். கோடு போட்டு அடித்தேன். மறுபடி எழுதினேன்...

மறுபடியும் அடித்துவிட்டேன்.