கிரானைட்டுக்குள் ஒரு பழைய படிகம்

என் நாத்தனார் கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டிய படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சாம்பல் நிறத்தில், அரிசிக் குருணைபோல் ஒன்று. உள்ளே மெல்லிய வளையங்கள். ஜிர்கான் படிகம் என்றாள். வெறும் கண்ணுக்குத் தூசி அளவுகூடத் தெரியாதாம். புனேயில் நிக்டியில் இருக்கும் எங்கள் வீட்டு அடுப்படியில், மகர்பட்டா அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் சப்பாத்தி போட்டுக்கொண்டிருக்க, அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அதுதான் கடைசி.

புனேயில் எங்கே தோண்டினாலும் எரிமலைக் குழம்பு இறுகிய கறுப்புப் பாறைதான். அதற்கும் வெகு ஆழத்தில் பழைய கண்டத்தின் கிரானைட் கிடக்கிறது. ஆழ்துளை போட்டு எடுத்த அந்த கிரானைட்டில் ஒரு சிறு துண்டு அவளுடைய முனைவர் பட்ட ஆய்வுக்குக் கிடைத்திருந்தது. இன்னொன்று கேட்டால் தரமாட்டார்கள். அதை அரைத்து, அலசி, ஜிர்கான் படிகங்களை ஊசிமுனையால் பொறுக்கினாள். அவற்றுக்குள் இருக்கும் யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறுகிறது. எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது தெரியும். மற்றதெல்லாம் ஒரே வயதைச் சொல்ல, படத்தில் காட்டிய இது ஒன்று மட்டும் மிகமிகப் பழையதாக இருந்தது. கிரானைட் உருவாகும் முன்பே அங்கே ஒரு நிலம் இருந்து, உருகி இதற்குள் கலந்துபோனது என்று அர்த்தமாம். உதவித்தொகை முடியப்போகிற நேரத்தில், வேலை கிடைக்க அவளுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அது.

ஆய்வகத்தில் அரவை இயந்திரம் எல்லோருக்கும் பொது. ஒருவர் கல்லை அரைத்த பிறகு, அடுத்தவர் தன் கல்லைப் போடும் முன் சுத்தமான குவார்ட்ஸ் கல்லை அரைத்துக் கொட்டிவிட வேண்டும். ஒட்டியிருக்கும் மிச்சத்தை அது வாரிக்கொண்டு போய்விடும். இவளுக்கு முன்னால் ஒருவர் கர்நாடகத்துப் பாறை ஒன்றை அரைத்திருந்தார். அதன் வயதும் இந்தப் படிகத்தின் வயதும் கிட்டத்தட்ட ஒன்று என்பது பிறகுதான் தெரிந்தது. அப்படியானால் இது அந்தக் கல்லின் மிச்சத்திலிருந்து ஒட்டி வந்ததாகவும் இருக்கலாம். தெரிந்த அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

“குவார்ட்ஸ் போட்டேனா மதினி? எப்பவும் போடுவேன். அன்னைக்குப் போட்டது மட்டும் ஞாபகத்துக்கே வர மாட்டேங்கு.”

வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில், காஸை அணைத்தோமா என்று முழிப்போமே, அந்த மாதிரி. நாம் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அவளுக்கு அந்த வழி இல்லை. கிரானைட் உருவானபோது மேலே புது வளையம் படர்ந்த பழைய படிகம் ஒன்று கிடைத்தால் போதும், அது இந்தக் கல்லுக்குள் இருந்ததுதான் என்று சந்தேகம் தீர்ந்துவிடும் என்று மீதிப் பொடியையெல்லாம் மைக்ராஸ்கோப்பில் துழாவினாள். கண் வீங்கியது, கழுத்து திரும்பவில்லை, சோறு இறங்கவில்லை. ஒரு தூசிக்காகவா இப்படி என்று அவள் அண்ணன் சத்தம் போட்டார். ஆய்வு வழிகாட்டியோ, சேர்ப்பதும் விடுவதும் உன் இஷ்டம் என்று கைகழுவிவிட்டார். பழகின கை, போட்டிருப்பாய் என்று நான் சொன்னேன்.

“நம்பிக்கிடலாம் மதினி. எழுத முடியாது.”

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் வந்து கேட்கப் போகிறார்கள்? பொடி தீரும்வரை தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. ஆய்வேட்டில் அந்தப் படிகத்தைக் கணக்கிலிருந்து நீக்கினாள். பட்டம் வந்தது, வேலை வரவில்லை.

இப்போது என் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கட்டிடத்தில் காப்பீட்டு மென்பொருளைச் சோதிக்கிறாள். ஒரே காரில்தான் போய்வருகிறோம். கல்லைப் பற்றிப் பேசுவதே இல்லை. போன வாரம் சிக்னலில் நின்றபோது, நான் எதுவும் கேட்காமலே, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்:

“அது நெசமாவே அந்தக் கல்லுல இருந்ததுன்னா, உலகத்துல அதப் பார்த்த ஒரே ஆள் நான்தான் மதினி. நானே இல்லன்னு சொல்லிட்டேன்.”