நீல மாத்திரையும் கார்குழலியும்

பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகம் கேட்பார்கள். கார்குழலி என்னிடம் ரத்தம் கேட்டாள். "ஊசின்னா பயமா உங்களுக்கு?" என்று அவள் சிரித்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டேன். இத்தனை வருஷமாகியும் அவள் ஆய்வுக்கூடத்துக்கு எந்தக் கருவி வந்தாலும் முதல் சோதனை என் ரத்தத்தில்தான். நான் மின்துறைக் குமாஸ்தா. புதுச்சேரியில் கொசுவுக்கு அடுத்தபடி என் ரத்தத்தை அதிகம் எடுத்தவள் என் மனைவி.

அவள் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. சின்ன வயதில் இவள் வெளிறிப்போயிருந்ததால் முருங்கைக்கீரை, ஈரல், டானிக் என்று வீடே சேர்ந்து ஊட்டியது. ஒன்றும் பலிக்கவில்லை. கல்லூரிக்குப் போன பிறகுதான் காரணம் தெரிந்தது. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறை அவளுக்குப் பாதி இருந்தது. பாதி இருப்பவர்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. இப்படி இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டால், பிறக்கும் பிள்ளைக்கு முழு நோயாக வரலாம். என் ரத்தம் கேட்டது அதற்காகத்தான்.

"தங்கச்சிக்கு இன்னும் கல்யாணம் ஆவல. வெளிய மூச்சு விடாத" என்று அவள் அம்மா சத்தியம் வாங்கியிருந்தார். தங்கைக்கு அந்தக் குறை இல்லை என்று சோதித்துப் பார்த்தாயிற்று, கல்யாணமும் முடிந்தது. ஆனாலும் இவள் வாய் திறக்கவில்லை. தலசீமியாவைப் பற்றி ஊர் ஊராகப் பேசுவாள், தன்னைப் பற்றி மட்டும் பேச மாட்டாள்.

பிரான்சில் இரண்டு வருஷம் ஆராய்ச்சி செய்தாள். நம் உடம்புக்கு இரும்புச்சத்தை உள்ளே விடத் தெரியும், வெளியே தள்ளத் தெரியாதாம். முழு நோய் இருப்பவர்களின் உடம்பு, ரத்தம் போதவில்லை என்று தவித்துக் குடலின் கதவை அகலத் திறந்துவிடும். வரும் இரும்பெல்லாம் ஈரலிலும் இதயத்திலும் படியும். அந்தக் கதவை மூடும் வழியைத்தான் அவள் தேடுகிறாள். "அங்கியே இருந்திருக்கலாமே" என்று நான் சீண்டினால், "அங்க உங்க ரத்தம் கெடைக்காதே" என்பாள்.

ஆராய்ச்சியோடு அவள் கவனித்துவரும் தலசீமியா பிள்ளைகளில் ஒருத்தி செந்தமிழ்ச்செல்வி. ரெட்டியார்பாளையம், ஒன்பதாம் வகுப்பு. முழு நோய்தான், ஆனால் மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டியதில்லை. இரும்பைக் குறைக்க மருந்து கொடுத்தும் அந்த வருஷம் அவள் உடம்பில் இரும்பு ஏறிக்கொண்டே போனது. ஈரல் கெட ஆரம்பித்திருந்தது. "வீட்டுல கீரையக்கூட நிறுத்திட்டேன் மேடம்" என்று அழுதாள் தாய் துர்கா. கார்குழலிக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் நான் வழக்கம்போல் கை நீட்டி உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெண் தனியாக உள்ளே வந்தாள். வேறு என்னென்ன சாப்பிடுகிறாய் என்று கார்குழலி துருவித் துருவிக் கேட்டாள்.

"ஸ்கூல்ல வாராவாரம் நீல மாத்திர குடுப்பாங்க மேடம், இரும்புச்சத்து மாத்திர. வேணாம்னா ஏன்னு கேப்பாங்க. எனக்கு இருக்கறத யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு. நாளைக்குக் கட்டிக்குடுக்கணுமாம்." கொஞ்சம் தயங்கினாள். "மத்த பொண்ணுங்க தூக்கிப் போடறதையும் நான் வாங்கித் தின்னுடுவேன்."

"ஏம்மா?"

"நீங்கதான மேடம் எங்க ஸ்கூலுக்கு வந்து சொன்னீங்க? ஒரு மாத்திரையக்கூட வீணாக்காதீங்க, அதான் ரத்தமா மாறும்னு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கார்குழலி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, "இனிமே அந்த மாத்திரையத் தொடாதம்மா" என்றாள்.

அடுத்த வாரம் மாத்திரை கொடுக்கும் நாளில் கார்குழலியை ஸ்கூட்டரில் அந்தப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். சத்தியத்தை மீறப்போவதை முந்தின நாளே தன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். மைதானத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"போன வருஷம் நான் பாதிதான் சொன்னேன்" என்று ஆரம்பித்தாள். "இந்த மாத்திரை உங்கள்ல நெறைய பேருக்கு நல்லது. சில பேருக்கு விஷம். எனக்குப் பரம்பரையா வந்த ரத்தக் குறை பாதி இருக்கு. தலசீமியான்னு பேரு. இத்தன வருஷமா வெளிய சொல்லாம இருந்தேன். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல." செந்தமிழ்ச்செல்வி இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

பிறகு மாத்திரை வரிசை நகர்ந்தது. செந்தமிழ்ச்செல்வியின் முறை வந்தபோது டீச்சர் மாத்திரையை நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு வேணாம் மிஸ்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "மேடத்துக்குப் பாதிதான். எனக்கு முழுசா இருக்கு."

வரிசை அப்படியே நின்றது. அவளுக்குப் பின்னால் இருந்த பெண் மட்டும் முனகினாள்: "அப்ப என்னுத நானேதான் முழுங்கணுமாடி?"

என் மனைவி சிரித்துக்கொண்டே என் கைக்குட்டையைப் பிடுங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.