சென்னையில் தொலைந்த என் கணவரை அந்தோனியார் காட்டித் தந்தார்

அறுவைச் சிகிச்சைக்கு முதல்நாள் பின்னேரம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி என் கணவர் அருளப்பு, "ஜசிந்தா, வலை மழையிலை நனையப் போகுது, வீட்டை போனதும் எடுத்து உள்ளுக்கை வை" என்றார். அவருடைய குரலை நான் கேட்டது அதுவே கடைசி. தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. எங்கள் ஊரான குருநகரின் கடலில் அவர் ஒரு சத்தம் போட்டால் அடுத்த வள்ளத்தில் நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர் தண்ணீர் வேண்டுமென்றால் என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. சென்னையில் ஒருமுறை காட்டிப் பாருங்கள் என்று சொந்தக்காரர் சொன்னார்கள். எங்கள் ஒரே மகளுக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியிருந்தது, அவளால் கூட வர முடியவில்லை. போன மாரியில் நாங்கள் இருவரும் தனியாகப் பலாலியில் விமானம் ஏறினோம். அதற்கு முன் நான் வெளிநாடு போனதில்லை. புறப்படுவதற்கு முன் கோயிலில் அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் முழங்காலிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். அவருக்குச் சுகம் தாரும்.

சென்னையில் இறங்கியபோது பெருமழை. ஆஸ்பத்திரிக்கு அருகே ஒரு விடுதியில் அறை சொல்லி வைத்திருந்தோம். விமான நிலைய வாசலில் கார்க்காரர்கள் அந்தப் பக்கம் வெள்ளம் என்று கையை விரித்தார்கள். எங்களோடு விமானத்தில் வந்த பெண் ஒருவர், "அக்கா, மெட்ரோ ரயிலிலை போங்கோ. நடுவிலை ஒரு இடத்திலை மட்டும் இறங்கி மாறோணும்" என்று சொல்லி, நிலையம் வரை வந்து டிக்கெட்டும் எடுத்துத் தந்தார்.

ரயில் மாறும் அந்த நிலையத்தில் சனமென்றால் அப்படிச் சனம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள். ரயில் வந்ததும் முதலில் பைகளை உள்ளே தள்ளிவிட்டு நானும் ஏறினேன். அவரும் பின்னால் ஏறியிருப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். கதவு மூடிவிட்டது. அவர் வெளியே நின்றார். கண்ணாடியில் கையை வைத்து வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ரயில் நகர்ந்தது.

கைத்தொலைபேசி என் பையில். எங்கள் ஊர் சிம் அங்கே வேலை செய்யவும் இல்லை. விடுதியின் பெயர் எனக்கு மட்டும்தான் தெரியும். அவரிடம் சட்டைப் பையில் கடவுச்சீட்டும் செபமாலையும், கையில் ஒரு டிக்கெட்டும். வேறொன்றும் இல்லை. எழுதிக் காட்டவும் அவருக்கு எழுத்துத் தெரியாது.

நான் கத்தி அழுததைப் பார்த்து ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டார். "அழாதீங்கம்மா, அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி நில்லுங்க. அவரு அடுத்த வண்டியில வந்துடுவாரு" என்றார். இறங்கி நின்றேன். அடுத்த ரயில் வந்தது. அவர் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. திரும்பப் பழைய நிலையத்துக்கே போனேன். அவர் நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றார்கள்.

காவலுக்கு நின்ற தம்பியிடம் ஓடினேன். "தம்பி, என்ரை மனுசனைக் காணேல்லை. அவருக்குக் கதைக்கேலாது!"

"என்ன கதைம்மா? எந்த மனுஷன்?"

"கதைக்கேலாது, தம்பி! கதைக்கேலாது!"

அந்தத் தம்பிக்கு விளங்கவில்லை. என் தமிழும் அவருடைய தமிழும் ஒன்றுதான், ஆனாலும் விளங்கவில்லை. கடைசியில் என் வாயைப் பொத்திக் காட்டி, கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். "ஐயோ, பேச முடியாதா?" என்று பதறி, பெயரைக் கேட்டு ஒலிபெருக்கியில் என் கணவரைக் கூப்பிடச் செய்தார். அருளப்பு, அருளப்பு என்று அந்த நிலையம் முழுக்கக் கேட்டது. கேட்டாலும் அவர் எப்படிப் பதில் சொல்வார்?

அங்கேயே தரையில் இருந்துவிட்டேன். கழுத்துத் துளையில் சளி அடைத்தால் துடைக்கக்கூட ஆளில்லையே என்று நினைத்து அழுதேன். சனங்கள் பார்ப்பதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. வாய்விட்டுச் சொன்னேன். "அந்தோனியாரே, சுகம் கேட்டு வந்தனான். இப்ப அதைக் கேக்கேல்லை. மனுசனைக் காட்டித் தாரும். நான் பக்கத்திலை இல்லாமல் அந்த ஆள் சாகக்கூடாது."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. அழுகை அடங்கியபோது ஒரு எண்ணம் வந்தது. இந்தப் பெரிய பட்டினத்தில் அவருக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதானே! என் மூளைக்கு அது தானாக எட்டியிருக்காது. இன்றுவரை நான் அப்படித்தான் நம்புகிறேன்.

விமான நிலையத்துக்குத் திரும்பும் ரயிலில் அந்தத் தம்பியே என்னை ஏற்றிவிட்டார்.

நாங்கள் வெளியே வந்த அதே வாசலில், தூண் ஓரமாக அவர் நனைந்துபோய் இருந்தார். கையில் செபமாலை. ஓடிப்போய் அவர் மடியில் விழுந்து அழுதேன். அவர் என் தலையைத் தடவினார். நான் நிமிர்ந்ததும் உதடுகளை மெல்ல அசைத்தார். அவர் உதட்டை வாசிக்க அதற்குள் பழகியிருந்தேன். "நீ இஞ்சைதான் வருவாய் எண்டு தெரியும்."

எப்படித் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டேன். எழுந்து நின்று, இரண்டு கைகளையும் விமானச் சிறகு போல விரித்துக் காட்டினார். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அப்படி நின்றிருக்கிறார். யாரோ ஒரு புண்ணியவான் விளங்கிக்கொண்டு சரியான ரயிலில் ஏற்றிவிட்டிருக்கிறார். எவரிடமும் எதுவும் கேட்டுப் பழகாத மனிதர் அவர். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

மழை குறைந்த பிறகு ஒரு கார் கிடைத்தது. விடுதி வரைக்கும் அவர் கையை நான் விடவில்லை.

நான் முதலில் கேட்ட சுகம் கிடைக்கவில்லை. அதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்கு விருப்பமில்லை. நோய் நுரையீரலுக்கும் போய்விட்டது, ஊருக்குக் கூட்டிப் போங்கள் என்று சென்னை வைத்தியர் சொன்னார். திரும்பி வந்தோம். பேத்தியை மடியில் வைத்துப் பார்த்தார். தவக்காலத்தில் ஒரு காலை, எங்கள் வீட்டில், என் தோளில் சாய்ந்தபடி அவருடைய மூச்சு நின்றது. நான் பக்கத்தில் இருந்தேன்.

சகோதரங்களே, எனக்கு ஆத்திரமும் வந்தது. ஏன் பெரியதைத் தரவில்லை என்று சுருவத்தைப் பார்த்துச் சண்டை பிடித்திருக்கிறேன். ஆனால் அந்த ஊரில் அவர் அநாதையாகச் செத்திருந்தால் நான் இன்று உயிரோடு இருந்திருக்க மாட்டேன். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் கோயிலில் அந்தோனியார் நவநாள் செபம் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ஆட்கள் வந்து பாராத நோயாளிகளின் பக்கத்தில் சும்மா இருக்கிறேன். சிலர் பேசுவார்கள். சிலர் என் கையை மட்டும் பிடித்துக்கொள்வார்கள்.

அழுகை எனக்கு இன்னும் நிற்கவில்லை. அழுதபடியேதான் ஆண்டவருக்கும் அந்தோனியாருக்கும் நன்றி சொல்கிறேன். உங்களில் யாருக்காவது இனிக் கேட்டுப் பயனில்லை என்று மனம் விட்டுப்போயிருந்தால், வரும் செவ்வாய் கோயிலுக்கு வாருங்கள். இடப்பக்கத்துத் தூணடியில் நான் இருப்பேன். உங்களுக்குக் கேட்க வாய் வராவிட்டால் பரவாயில்லை, பக்கத்தில் வந்து முழங்காலிடுங்கள். உங்களுக்காக நான் கேட்கிறேன்.