நான் கொன்ற பன்னிரண்டு குக்குலு மரங்கள்

இருபத்தெட்டு வருஷம் காலேஜில் பாட்டனி நடத்தி ரிட்டையரான பிறகு, மீனாட்சிபுரத்தில் ஓர் ஆயுர்வேத கம்பெனியின் மூலிகைத் தோட்டத்துக்கு சூப்பர்வைசராகப் போனேன். முதல் நாளே பன்னிரண்டு கொலை செய்தேன்.

பங்குனி வெயில். வேலியோரம் இடுப்பளவு உயரத்தில் பன்னிரண்டு குக்குலு. மூட்டுவலி மருந்துக்குப் பிசின் தரும் மரம். ஒன்றில்கூட இலை இல்லை. முள்ளும் குச்சியுமாக நின்றன. பட்டை காகிதம் மாதிரி உரிந்து தொங்கியது. புதிதாக வந்தவன் எதையாவது கண்டுபிடிக்க வேண்டாமா? போட்டோ எடுத்து, 'பன்னிரண்டும் பட்டுப்போய்விட்டன' என்று கஞ்சிக்கோட்டு ஆபீஸில் இருக்கும் மேனேஜருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. மேனேஜர் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர்.

"பன்னெண்டும் செத்துடுத்தா? மூணு வருஷமா தண்ணி விட்டது அந்த மருதாயிதானே? நாளைலேந்து வரவேண்டாம்னு சொல்லிடுங்கோ."

ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது என் கெட்ட பழக்கம். பக்கத்துப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த மருதாயியம்மா களைக்கொத்தோடு எழுந்து வந்தார்.

"ஏனுங்க சார், யாருங்க செத்தது?"

மரங்களைக் காட்டினேன். ஒன்றின் பட்டையை நகத்தால் உரித்தார். உள்ளே பச்சைப்பசேலென்று இருந்தது. லேசாகக் கீறினார், ஒரு துளி கசிந்தது. அதைத் தொட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினார். சாம்பிராணி போல மணந்தது.

"பொணம் இப்படி மணக்குமுங்களா? வெயிலுக்கு எலையக் கொட்டிப்போட்டு நிக்குதுங்க. மழ விழுந்தாத் துளுத்துரும். நீங்க படிச்ச காலேசுல இதெல்லாம் சொல்லித் தரலீங்களா?"

"சொல்லித் தந்ததே நான்தாம்மா."

"அட சாமி!" என்று தலையில் கை வைத்தவர், "போனைப் போடுங்க. ஸ்பீக்கரையும் போடுங்க" என்றார்.

போட்டேன்.

"சார், மரமெல்லாம் உயிரோடதான் இருக்கு. எனக்குத்தான் தெரியலை. மருதாயியம்மா மேல ஒரு தப்பும் இல்லை."

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீங்க பாட்டனி ப்ரொபஸர்தானே?"

"ஆமா சார்."

"சரி. இனிமே அந்த அம்மாவைக் கேட்டுண்டு எழுதுங்கோ."

மருதாயியம்மா பாத்திக்குப் போய்க் களை எடுக்க உட்கார்ந்தார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாரோ என்று பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். சிரிப்பு.

தோட்ட வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மரம் பட்டுப்போனது என்று எழுதுமுன் நகத்தால் ஒரு கீறு கீறிப் பாருங்கள். அதற்கும் முன்னால், தண்ணீர் விட்டவரிடம் கேளுங்கள். நகம்கூடத் தேவைப்படாது.